ஒரே ஒரு எம்.2 ஸ்லாட்: கல்யாண வீடியோ, ஆல்பம் வேலைக்கு எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்?

முகூர்த்தம்25:

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண வீடியோவும் ஆல்பமும் ஒரே மெஷின்லதான் பண்றேன். அமைப்பு இதுதான்:

ரைசன் 7 3700எக்ஸ், பி450 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 32 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், விண்டோஸ் 11. போர்டுல எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை கேபிள் இல்லாம நேரா செருகுற இடம்) ஒண்ணே ஒண்ணு, அதுவும் காலியாத்தான் இருக்கு. சி டிரைவ் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (கேபிள்ல மாட்டுற பழைய ரகம்), அதுல மிச்சம் 35 ஜிபி. டி டிரைவ் 4 டிபி ஹார்ட் டிஸ்க், 5400 ஆர்பிஎம். ஃபுட்டேஜ், பிரீமியர் ப்ராஜெக்ட், லைட்ரூம் கேட்டலாக் எல்லாம் இந்த டி-யிலதான் கிடக்குது.

கேமரா: சோனி ஏ7 3 ரெண்டு (4கே 25பி, 100 மெகாபிட், 8 பிட்), ஏ7 4 ஒண்ணு (4கே 25பி, 140 மெகாபிட், 10 பிட் 4:2:2). ஒரு விசேஷத்துக்கு வீடியோ, ரா படம் எல்லாம் சேர்த்து 400 ஜிபி வரும். மாசத்துக்கு ஆறு விசேஷம்னு வெச்சுக்கங்க.

மல்டிகேம்ல மூணு கோணம் போட்டா டைம்லைன் திக்குது. லைட்ரூம்ல ஒரு படத்துல இருந்து அடுத்ததுக்குப் போக ரெண்டு மூணு செகண்ட் ஆகுது. ஃபோட்டோஷாப்ல ஆல்பம் ஷீட் போடும்போது ஸ்க்ராட்ச் டிஸ்க் (ரேம் பத்தாதப்போ அது தற்காலிகமா எழுதுற இடம்) நிறைஞ்சிடுச்சுன்னு நிக்குது.

இப்போதைக்கு ஒரே ஒரு டிரைவ்தான் வாங்க முடியும். கேள்விகள்:

7,000 எம்பி வேகம்னு போட்ட 2 டிபி டிரைவ் வாங்கறதா, இல்ல கொஞ்சம் கூடப் போட்டா கிடைக்கிற மலிவு ரக 4 டிபியா? புது டிரைவ்ல விண்டோஸ் போடணுமா, இல்ல ப்ராஜெக்ட் வைக்கணுமா? ஹீட்சிங்க் கட்டாயமா? மத்தியானம் ரூம்ல 35 டிகிரிக்குக் குறையாது.

—

சிப்_கணக்கு:

ஸ்லாட்டிலிருந்து தொடங்குவோம், மற்ற எல்லாக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது. பி450 போர்டில் ப்ராசஸரோடு நேராக இணைந்த எம்.2 ஸ்லாட் பிசிஐஇ 3.0 (டேட்டா போகும் பாதையின் தலைமுறை), நான்கு லேன். ஏட்டளவில் விநாடிக்கு 3.9 ஜிபி, கைக்கு வருவது 3,500 எம்பி சொச்சம். உங்கள் 3700எக்ஸ் ப்ராசஸர் 4.0 பேசும், போர்டு பேசாது. ஆகவே 7,000 என்று போட்ட டிரைவை மாட்டினாலும் 3,500 தான். டிரைவுக்குக் கெடுதல் எதுவும் இல்லை, பின்னால் போர்டை மாற்றினால் முழு வேகமும் வந்துவிடும். அந்த எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் விஷயம்.

அடுத்து, டைம்லைன் உண்மையில் எவ்வளவு கேட்கிறது? 140 மெகாபிட் என்றால் விநாடிக்கு 17.5 எம்பி. 100 மெகாபிட் என்றால் 12.5 எம்பி. மூன்று கோணமும் சேர்ந்து 42.5 எம்பி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 550 தரும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே ஃபைலை நேராகப் படித்தால் 150 வரை தரக்கூடியதுதான்.

பிறகு ஏன் திக்குகிறது? 5400 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிசெகண்ட். ஹெட் ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நேரத்தையும் சேர்த்தால் தாவல் ஒவ்வொன்றுக்கும் 15 மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். மூன்று கோணம் என்றால் மூன்று இடத்துக்கு மாறி மாறித் தாவ வேண்டும். அதே சமயம் பிரீமியர் ஆடியோ அலைவடிவ ஃபைல்களை எழுதிக்கொண்டிருக்கும், லைட்ரூம் திறந்திருந்தால் பிரிவியூவைத் துழாவிக்கொண்டிருக்கும். தட்டு படிக்கும் நேரத்தைவிடத் தாவும் நேரம் அதிகமாகிவிடுகிறது. 4 டிபி 5400 ஆர்பிஎம் டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் பல, ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து எழுதும் ரகம். அதில் ஓரிடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும், அப்போது இன்னும் தரைதட்டும். எஸ்எஸ்டியில் இந்தத் தாவல் மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேகத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வரும். 3,500-க்கும் 7,000-க்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து அல்ல.

இனி 2 டிபியா, 4 டிபியா. நீங்கள் மலிவு ரகம் என்பது க்யூஎல்சி ஆகத்தான் இருக்கும். ஒரு செல்லில் நான்கு பிட் அடைப்பது க்யூஎல்சி, மூன்று பிட் டிஎல்சி. அடைக்கும் பிட் கூடக்கூட எழுதும் வேகம் விழும். அதை மறைக்க எல்லா டிரைவும் ஒரு தந்திரம் செய்கிறது: காலி இடத்தில் ஒரு பகுதியை, செல்லுக்கு ஒரே பிட் வீதம் வேகமாக எழுதும் கேச்சாக வைத்துக்கொள்கிறது. பெட்டியில் அச்சடித்த வேகம் இந்த கேச்சின் வேகம். அது நிறைந்ததும் அசல் வேகம் வெளியே வரும். சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபியில் கேச் 42 ஜிபி. அது முடிந்தால் விநாடிக்கு 80 எம்பி என்று நிறுவனமே விவரப் பட்டியலில் போட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு! 2 டிபி, 4 டிபியில் அது 160.

பெரும்பாலான என்விஎம்இ டிரைவ்களில் (நீங்கள் எம்.2 ஸ்லாட்டில் மாட்டப்போகும் வேக ரகம்) கேச் அளவு நிலையாக இருப்பதில்லை, காலி இடத்தைப் பொறுத்துச் சுருங்கும். டிஎல்சியில் 300 ஜிபி காலியாக இருந்தால், ஒரு பிட் வீதம் எழுதும்போது அதிகபட்சம் 100 ஜிபி கேச். க்யூஎல்சியில் அதே 300 ஜிபிக்கு 75 தான். புது டிரைவில் ஜோராகப் போன காப்பி, முக்கால்வாசி நிறைந்தபின் நடுவழியில் படுத்துக்கொள்வது இதனால்தான். விண்டோஸ் காப்பி ஜன்னலில் பச்சை வரைபடம் மேட்டிலிருந்து சட்டென்று தரைக்கு இறங்கி அப்படியே நீண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். கேச் தீர்ந்த இடம் அதுதான். 400 ஜிபியை ஒரே மூச்சில் இறக்கும் உங்கள் வேலைக்கு இது நேரடியாக அடிக்கும்.

ஆயுளை நினைத்து க்யூஎல்சியைத் தவிர்க்க வேண்டியதில்லை, அந்த பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. விசேஷம் ஒன்றுக்கு 400 ஜிபி, மென்பொருள்கள் எழுதும் தற்காலிகக் கோப்புகள் (அவற்றின் கேச்), எக்ஸ்போர்ட் என்று இன்னொரு 400. மாதம் ஆறு என்றால் 4.8 டிபி, வருடத்துக்கு 58 டிபி. 2 டிபி டிஎல்சி டிரைவ் ஒன்றின் உத்தரவாத எழுத்து அளவு பொதுவாக 1,200 டிபி. இருபது வருடக் கணக்கு. குருஷியல் பி3 பிளஸ் 2 டிபி க்யூஎல்சிக்கு 440 டிபி, அதுவே ஏழு வருடத்துக்குமேல் வரும். தேயாது. ஆனால் வேகம் தாக்குப்பிடிக்காது.

அதனால் 2 டிபி, டிஎல்சி, உள்ளே டிராம் சிப் (எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைக்கும் நினைவகம்) உள்ளது. சாம்சங் 990 ப்ரோ, டபிள்யூடி பிளாக் எஸ்என்850எக்ஸ், கிங்ஸ்டன் கேசி3000 மூன்றில் எது அன்றைக்கு விலை குறைவோ அதை எடுங்கள். உங்கள் ஸ்லாட்டில் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. கையைக் கடித்தால் டிராம் இல்லாத, ஆனால் டிஎல்சியான எஸ்என்770 போதும். டிராம் இல்லாத என்விஎம்இ டிரைவ், கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். பெரிய வீடியோ ஃபைலுக்கு இதுவே ஓடிவிடும். சாட்டா டிரைவுக்கு அந்தக் கடன் வசதி கிடையாது, ஆகவே டிராம் இல்லாத சாட்டாவை மட்டும் தொடவே வேண்டாம். இன்னொன்று, சில மலிவு மாடல்களில் பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் சிப் மாறி மாறி வரும். பழைய விமர்சனத்தை நம்பி அவற்றை வாங்கக் கூடாது.

விண்டோஸை இதற்கு க்ளோன் செய்துவிட்டு (அப்படியே நகலெடுத்துவிட்டு), பழைய 500 ஜிபியை மென்பொருள்களின் கேச்சுக்கு வையுங்கள் என்பது என் யோசனை.

—

நேர்கோடு:

டிரைவ் தேர்வுல மறுப்பே இல்ல. ஆனா க்ளோன் வேண்டாம்னு சொல்வேன், அதுவும் சீசன் நடுவுல.

விண்டோஸும் பிரீமியரும் சாட்டா எஸ்எஸ்டியில இருந்தா, திறக்கிறப்போ சில செகண்ட் வித்தியாசம். அவ்வளவுதான். சி நிறைஞ்சு போனதுக்குக் காரணம் விண்டோஸ் இல்ல, கேச். பிரீமியரோட மீடியா கேச், லைட்ரூமோட கேமரா ரா கேச், ஃபோட்டோஷாப் ஸ்க்ராட்ச் மூணும், மாத்தி வைக்காத வரைக்கும் சி-யிலதான் உட்காரும். அதைப் புது டிரைவுக்குத் தள்ளிட்டா சி தானா மூச்சு விடும். க்ளோன் பண்ணாம விட்டா ஏதாவது தப்பானாலும் மெஷின் பழையபடி எழுந்துக்கும். ஒரே ஒரு நிபந்தனை: கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவுல (டிஸ்க்கோட நிலையைக் காட்டுற மென்பொருள்) அந்த 500 ஜிபியோட ஆரோக்கியத்தைப் பாருங்க. 80 சதவீதத்துக்கு மேல இருந்து, ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போனதால வேற இடத்துக்கு மாத்தின பகுதி) எண்ணிக்கை ஏறாம இருந்தா விட்டுடலாம். ஏறிக்கிட்டு இருந்தா க்ளோன் பேச்சே வேண்டாம், புது டிரைவ்ல விண்டோஸை சுத்தமா போடுங்க. போடும்போது மத்த டிஸ்க்கோட சாட்டா கேபிளைக் கழட்டிடணும். இல்லன்னா பூட் பார்ட்டிஷன் பழைய டிஸ்க்லயே போய் உட்காரும், பின்னாடி அந்த டிஸ்க்கை எடுத்த அன்னைக்கு மெஷின் எழாது.

இன்னொண்ணு சொல்லணும். திக்கல் முழுக்க டிஸ்க்னாலதான்னு முடிவு கட்டாதீங்க சகோ. ஏ7 4 எடுக்கிற 10 பிட் 4:2:2 ஹெச்.264-ஐ 1660 சூப்பர் ஹார்டுவேர்ல டீகோட் பண்ணாது. உங்க ரைசன்ல கிராஃபிக்ஸே கிடையாது. அப்போ மொத்த பாரமும் ப்ராசஸர் தலையில. எந்த எஸ்எஸ்டி போட்டாலும் அது மாறாது.

வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க: டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ் பக்கம். திக்குற இடத்தை ஓடவிட்டு டி டிரைவோட ஆக்டிவ் டைம், ரெஸ்பான்ஸ் டைம், அப்புறம் சிபியூ சதவீதம். ஆக்டிவ் டைம் 100-ல ஒட்டிக்கிட்டு ரெஸ்பான்ஸ் டைம் நூறு மில்லிசெகண்டைத் தாண்டினா டிஸ்க்தான் குற்றவாளி. டிஸ்க் சும்மா இருந்து சிபியூ கொதிச்சா வேற வைத்தியம். அப்புறம் ஏ7 4 கிளிப் ஒண்ணை மட்டும் சி-க்கு காப்பி பண்ணி, அங்கிருந்து தனியா ஓட்டிப் பாருங்க.

—

முகூர்த்தம்25:

ரெண்டையும் பார்த்துட்டேன். டி-யில மூணு கோணம் ஓடும்போது ஆக்டிவ் டைம் 100, ரெஸ்பான்ஸ் டைம் 180ல இருந்து 400 மில்லிசெகண்ட் வரைக்கும் போகுது. சிபியூ 60 கிட்ட. ஏ7 4 கிளிப்பை சி-யில வெச்சு தனியா ஓட்டினா டிஸ்க் 2 சதவீதம்கூட இல்ல, ஆனா கலர் எஃபெக்ட் போட்டதும் சிபியூ 95. அப்போ வியாதி ரெண்டா?

சி டிரைவ் ஆரோக்கியம் 91 சதவீதம், ரீஅலொகேட்டட் பூஜ்ஜியம்.

—

நேர்கோடு:

ஆமா, ரெண்டு. முதல் வியாதிக்கு எஸ்எஸ்டி, ரெண்டாவதுக்கு ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்றதுக்கு மட்டும் வெச்சுக்கிற லேசான நகல். ஏ7 4 கிளிப்புக்கு மட்டும் 1080 அளவுல புரோரெஸ் (எடிட்டிங்குக்கான வீடியோ ஃபார்மட்) ப்ராக்ஸி போடுங்க, 25பி-யில 38 மெகாபிட்தான், மணிக்கு 17 ஜிபி. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியா இருக்கிறதால ப்ராசஸருக்கு லேசு. 4கே அளவுலயே புரோரெஸ் 422-ஆ மாத்தினா மணிக்கு 221 ஜிபி ஆகும், 2 டிபி போதாது. அந்த வழி வேண்டாம்.

ப்ராக்ஸி ஒட்ட மாட்டேன்னு அடம்பிடிச்சா முதல்ல ஆடியோ சேனல் எண்ணிக்கையைப் பாருங்க. ஒரிஜினல்ல எத்தனையோ ப்ராக்ஸியிலயும் அத்தனை இருக்கணும். எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி எதுவும் மாத்தத் தேவையில்ல, எக்ஸ்போர்ட் ப்ராக்ஸியை எடுக்கச் சொல்லி நீங்களே டிக் பண்ணியிருந்தாலொழிய ஒரிஜினல்ல இருந்துதான் போகும்.

—

ஆல்பம்மேசை:

லைட்ரூம், ஃபோட்டோஷாப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

லைட்ரூமில் ரா படங்களை எஸ்எஸ்டிக்குக் கொண்டுவருவதைவிட கேட்டலாகைக் கொண்டுவருவதில்தான் பலன் அதிகம். கேட்டலாக் என்பது ஒரு டேட்டாபேஸ். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும், ஒவ்வொரு ஸ்லைடர் அசைவுக்கும் அதில் சின்னச் சின்னதாக எழுத்து நடக்கும். பக்கத்தில் இருக்கும் பிரிவியூ ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். ஹார்ட் டிஸ்க் இந்த மாதிரி வேலையில்தான் படுமோசம். அடுத்த படத்துக்குப் போக உங்களுக்கு ஆகும் இரண்டு மூன்று விநாடி பெரும்பாலும் இங்கே போகிறது.

மாற்றும் முறை: லைட்ரூமை மூடுங்கள். கேட்டலாக் இருக்கும் ஃபோல்டரை முழுதாக, பிரிவியூ, ஸ்மார்ட் பிரிவியூ (ரா படத்தின் சுருக்கிய நகல்) ஃபோல்டர்களோடு சேர்த்து, புது டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள். புது இடத்தில் கேட்டலாக் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறந்து பாருங்கள். படங்கள் டி-யிலேயே இருப்பதால் எந்த இணைப்பும் அறுந்து போகாது. பிறகு பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி ஒரு வாரம் வைத்திருந்து அழிக்கலாம். பெயரை மாற்றாமல் விட்டால், பழக்கத்தில் பழைய கேட்டலாகையே திறந்து பாதிப் படங்களைத் திருத்திவிடும் ஆபத்து உண்டு. அதை ஒன்று சேர்ப்பது பெரிய தலைவலி.

பெர்ஃபார்மன்ஸ் அமைப்பில் கேமரா ரா கேச்சைப் புது டிரைவுக்கு மாற்றி, அளவை 50 ஜிபி ஆக்குங்கள். ஆரம்பத்தில் அது 5 ஜிபிதான் இருக்கும், 3,000 படத்துக்கு எந்த மூலைக்கு? அங்கேயே, திருத்தும்போது ஒரிஜினலுக்குப் பதில் ஸ்மார்ட் பிரிவியூவைப் பயன்படுத்தும் தேர்வும் இருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒன்றுக்கு ஒன்று (முழு அளவு) பிரிவியூ தயாராகும் நேரம் எஸ்எஸ்டியால் அவ்வளவாகக் குறையாது, அது ப்ராசஸரின் வேலை.

ஃபோட்டோஷாப்: 12க்கு 36 ஷீட் 300 டிபிஐ-யில் 3,600க்கு 10,800 பிக்சல். பின்னணி மட்டும் 8 பிட்டில் 117 எம்பி, 16 பிட்டில் 233. மேலே பத்து இருபது படம், மாஸ்க், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், ஹிஸ்டரி என்று ஏறினால் ரேமைத் தாண்டி ஸ்க்ராட்சுக்குப் போய்விடும். நான்கு ஷீட் திறந்து வைத்திருந்தால் உங்கள் 35 ஜிபி கண்மூடித் திறப்பதற்குள் தீரும். ஸ்க்ராட்ச் டிஸ்க்கில் புது டிரைவை முதலாவதாக வைத்து, சி-யின் டிக்கை எடுத்துவிடுங்கள். முடிந்த ஷீட்டை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும் பழக்கமும் வேண்டும்.

டிரைவ் எழுத்தைப் பற்றி: புது டிரைவுக்கு விண்டோஸ் கொடுக்கும் எழுத்தை அப்படியே விடாமல், டிஸ்க் மேனேஜ்மென்டில் தூரமான ஒன்றை, 'வி' மாதிரி, நீங்களே கொடுங்கள். பென் டிரைவ், கார்டு ரீடர் செருகும்போது எழுத்து இடம் மாறி மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாக நிற்கும் தொல்லை வராது. நடந்துகொண்டிருக்கும் பிரீமியர் வேலையைக் கொண்டுவர, ஃபுட்டேஜை காப்பி செய்தபின் டி-யில் உள்ள பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். ப்ராஜெக்டைத் திறந்ததும் கிளிப் எங்கே என்று கேட்கும். ஒன்றைக் காட்டினால் மற்றவற்றைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கார்டிலிருந்து இறக்கும்போது கிளிப் ஃபோல்டரை மட்டும் உருவி எடுக்காமல், அதற்கு மேலே உள்ள எம்4ரூட் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். கிளிப்போடு வரும் விவரக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன.

—

சிப்_கணக்கு:

நேர்கோடு சொல்வதை ஏற்கிறேன். சி 91 சதவீதம் என்றால் விண்டோஸைத் தொட வேண்டாம், புது டிரைவ் முழுவதும் வேலைக்கே இருக்கட்டும். ஒரே பார்ட்டிஷன் போதும். எஸ்எஸ்டியைப் பார்ட்டிஷனாகக் கூறு போடுவதால் வேகம் கூடாது, ஒரு கூறு நிறைந்து இன்னொன்று காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். எப்போதும் 300 ஜிபியாவது காலியாக விட்டு வையுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் அந்த ஸ்லாட் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மேலேயோ அடியிலேயோ இருக்கும், கார்டைக் கழற்றாமல் கை போகாது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். டிரைவின் நீளம் 80 மில்லிமீட்டர். தாங்கு குமிழ் 80 என்று குறித்த துளையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல போர்டுகளில் குமிழும் குட்டி ஸ்க்ரூவும் போர்டு வந்த பெட்டியில் தனிப் பொட்டலத்தில் கிடக்கும். குமிழ் இல்லாமல் திருகினால் டிரைவ் வளைந்து போர்டோடு ஒட்டும், அதைவிடக் கெடுதல் வேறில்லை. டிரைவை 30 டிகிரி சாய்வாகச் செருகி, தங்க நிறப் பல் முழுதும் உள்ளே போனபின் மெல்ல அழுத்தித் திருகுங்கள். விரல் நுனியால் நிற்கும் வரை போதும், முறுக்க வேண்டாம்.

ஹீட்சிங்க்: 3.0 வேகத்தில் ஓடுவதால் இந்த டிரைவ் முழு வேகத்தில் சூடாகும் அளவுக்குச் சூடாகாது. ஆனாலும் உங்கள் அறையில் 35 டிகிரி, பக்கத்திலேயே கிராஃபிக்ஸ் கார்டு. மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று போட்டுவிடுங்கள், விலையும் பெரிதில்லை. உயரமான ஹீட்சிங்க் வேண்டாம், கார்டில் இடிக்கும். தகட்டோடு வரும் பேடின் இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை உரிக்காமல் ஒட்டினால் சூடு தகட்டுக்குப் போகாமல் டிரைவிலேயே தங்கும். டிரைவின் மேல் உள்ள ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும்.

மெஷினை எழுப்பியதும் மை கம்ப்யூட்டரில் டிரைவ் தெரியாது, பயப்பட வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஜிபிடி, என்டிஎஃப்எஸ் என்று தேர்ந்து ஃபார்மட் செய்தால் வரும். பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற வரியைப் பாருங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் இப்போது ஓடுவது, வலப்பக்கம் டிரைவால் முடிவது. இடப்பக்கம் பிசிஐஇ 3.0 எக்ஸ்4 என்று இருக்க வேண்டும். எக்ஸ்2 அல்லது எக்ஸ்1 என்று காட்டினால் செருகல் சரியில்லை, கழற்றி மறுபடி மாட்டுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் மார்க்கில் படிக்கும் வேகம் 3,400 சுற்றி வந்தால் போதும். அந்தச் சோதனை 1 ஜிபிக்குள் முடிவதால் கேச்சைத்தான் அளக்கிறது. டிரைவின் உண்மை முகம் அதில் தெரியாது.

ஒரு ஃபைலைக்கூட ஏற்றும் முன், அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளைப் போட்டு ஃபெர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) புதியதா என்று பாருங்கள். 2023 தொடக்கத்தில் சாம்சங் 980 ப்ரோவுக்கும் 990 ப்ரோவுக்கும் முக்கியமான திருத்தம் வந்தது. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11 24ஹெச்2 வெளியானபோது எஸ்என்770 2 டிபியில் நீலத்திரை வந்தது. புது விண்டோஸ் டிரைவுக்குக் கடன் கொடுக்கும் ரேமை 200 எம்பி வரை கூட்டியதே காரணம், ஃபெர்ம்வேரில் சரி செய்தார்கள். கடையில் பல மாதம் கிடந்த சரக்கு என்றால் பழைய ஃபெர்ம்வேரோடுதான் வரும்.

—

முகூர்த்தம்25:

ரொம்ப நன்றி சிப்_கணக்கு சார், நேர்கோடு சகோ, ஆல்பம்மேசை அக்கா. 2 டிபி டிஎல்சி, விண்டோஸ் சி-யிலயே, புதுசுல கேட்டலாக், கேச், ஸ்க்ராட்ச், ஓடிக்கிட்டு இருக்கிற வேலை. புரிஞ்சுது.

கடைசியா ரெண்டு சந்தேகம். முடிஞ்ச விசேஷத்தைப் பின்னாடி எப்பவாவது ஒரு எஸ்எஸ்டியில போட்டு பீரோல வெச்சுடலாமா? அப்புறம், கார்டுல இருந்து இறக்குறது இந்த டிரைவ் வந்ததும் வேகமாகுமா?

—

நேர்கோடு:

பீரோவுக்கு எஸ்எஸ்டி வேண்டாம் சகோ. செல்லுக்குள்ள மின்னூட்டமாத்தான் டேட்டா நிக்குது, கரண்ட் இல்லாம கிடந்தா கொஞ்சம் கொஞ்சமா கசியும், வெக்கையில இன்னும் சீக்கிரம். ஜெடெக் (சிப் தரங்களை வகுக்கிற அமைப்பு) தரம் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்குக் கேக்கிறதே, எழுத்து ஆயுள் முழுசா தீர்ந்த நிலையில 30 டிகிரியில ஒரு வருஷம்தான். புது டிரைவ் இதைவிட ரொம்ப நாள் தாங்கும்னாலும், வாடிக்கையாளரோட கல்யாணத்தை அதை நம்பி வைக்க முடியாது. முடிஞ்ச வேலை ஹார்ட் டிஸ்க்குக்கு, ரெண்டு பிரதியா, ஒண்ணு வேற இடத்துல. உங்க 4 டிபி அதுக்குச் சரியான ஆள். தடத்து மேல தடம் படிஞ்சு எழுதுற ரகமா இருந்தாலும், ஒரு தடவை எழுதி வெச்சுட்டு எப்பவாவது படிக்கிற வேலைக்கு அது பிரச்சனை பண்ணாது. டெராகாப்பியில (காப்பி பண்ற மென்பொருள்) வெரிஃபை டிக் போட்டு காப்பி பண்ணுங்க. ரெண்டு பிரதியும் வெரிஃபை ஆன பிறகுதான் எஸ்எஸ்டியில அழிக்கணும். எஸ்எஸ்டியில அழிச்சது டிரிம் (அழிச்ச இடத்தைக் காலி பண்ணச் சொல்லி விண்டோஸ் கொடுக்கிற உத்தரவு) ஓடினதும் போனதுதான், ஹார்ட் டிஸ்க்ல மாதிரி மீட்டு எடுக்க முடியாது.

யுபிஎஸ் இல்லன்னா அதையும் பட்டியல்ல சேருங்க. வீட்டு ரக எஸ்எஸ்டியில கரண்ட் போனா எழுதி முடிக்க உதவுற கெபாசிட்டர் கிடையாது. கேட்டலாக் எழுதுற நேரத்துல கரண்ட் போனா கேட்டலாக்கே கெட்டுப் போகலாம். லைட்ரூம் மூடும்போது கேக்கிற கேட்டலாக் பேக்கப்பை வாரம் ஒரு தடவைன்னு வெச்சு, அது மட்டும் டி-க்குப் போகட்டும். கேட்டலாக்கும் அதோட பேக்கப்பும் ஒரே டிரைவ்ல இருக்கக் கூடாது.

கார்டு இறக்குறதுல டிரைவ் முக்கியமில்ல, ரீடரும் போர்ட்டும்தான். 128 ஜிபி கார்டுனு வெச்சுக்கங்க. கேபினட் முன்னாடி கறுப்பு யூஎஸ்பி 2.0 ஓட்டையில செருகினா 35 எம்பி, ஒரு மணி நேரம் போகும். அதே யூஹெச்எஸ் 1 கார்டை யூஎஸ்பி 3.0 ரீடர்ல போட்டா 90 எம்பி, 24 நிமிஷம். யூஹெச்எஸ் 2 கார்டும் அதுக்கேத்த ரீடரும் இருந்தா 250 எம்பி, ஒம்பது நிமிஷத்துக்குள்ள முடியும். கார்டோட பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க: தங்கக் கால் ஒரு வரிசைன்னா யூஹெச்எஸ் 1, ரெண்டு வரிசைன்னா யூஹெச்எஸ் 2. ரெண்டு வரிசை இருக்கிற கார்டை ஒரு வரிசை ரீடர்லதான் இத்தனை நாளா போட்டுக்கிட்டு இருக்கீங்கன்னா, முதல்ல ரீடரை மாத்துங்க.